ஓர் அளவு பெரியது

"ஏனம்மிணி, இது உன்ற சைக்கிளுதானா, இல்ல உங்கண்ணனோடதா?"

குன்னூரில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சேர்ந்து சைக்கிள் ஓட்டும் ஒரு சிறு குழு இருக்கிறது. அங்கே நான் முதல்முறை போய் நின்றபோது அக்கா கேட்ட கேள்வி இது. அக்கா என்றால் என் கூடப் பிறந்தவர் அல்ல. வெலிங்டனில் ராணுவ அலுவலகம் ஒன்றில் கிளார்க்காக இருப்பவர், கோயம்புத்தூர்க்காரர், நாற்பதைத் தாண்டியவர். குழுவைக் கூட்டிப் போகிறவர் அவர்தான் என்பதால் எல்லோருக்கும் அக்கா. அவர் கேலி செய்யவில்லை. சைக்கிளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, யாரிடமோ இரவல் வாங்கி வந்திருக்கிறேன் என்று உண்மையாகவே நினைத்துக் கேட்டார்.

எனக்கு அண்ணன் கிடையாது. நான் ஒரே பிள்ளை. அம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறாள், அப்பா தேயிலை ஃபேக்டரியில் இலை வாட்டும் மாடியில் வேலை செய்கிறார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். குன்னூரில் ஓர் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன்.

"என்னோடதுதாங்க்கா. என் சம்பளத்துல வாங்குனது," என்றேன்.

தேவைக்கு மேல் சத்தமாகச் சொல்லிவிட்டேன் என்பது சொன்ன பிறகுதான் தெரிந்தது. பக்கத்தில் டயருக்குக் காற்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா, "சரிங்கம்மிணி, சும்மாதான் கேட்டேன்," என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். அன்று அருவங்காடு தாண்டும்வரை நான் மனசுக்குள் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே ஓட்டினேன்.

அந்தச் சைக்கிளை நான் தெரியாமல் வாங்கவில்லை. அதுதான் வெட்கம். வாங்குவதற்கு முன்னால் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்தேன். படிப்பது எனக்கு வரும். எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் எங்கள் லைனில் பாதி வீடுகளுக்கு வருகிற தபாலை நான்தான் படித்துச் சொல்கிறேன். அதே தைரியத்தில் ரோடு சைக்கிளைப் பற்றியும் கிடைத்ததையெல்லாம் படித்தேன். வளைந்த ஹேண்டிலும் ஒல்லியான டயரும் வைத்த இந்த வகைச் சைக்கிளில், சட்டத்தின், அதாவது ஃபிரேமின், அளவு தவறினால் மற்றது எதைச் சரிசெய்தும் பெரிய பயனில்லை என்று தெரிந்துகொண்டேன். ஆளின் உயரம் மட்டும் பார்த்தால் போதாது, காலின் உள்பக்க நீளத்தைப் பார்க்க வேண்டும், சீட்டில் உட்கார்ந்து கை எவ்வளவு தூரம் நீள வேண்டியிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். சீட்டை ஏற்றலாம், இறக்கலாம். சட்டத்தின் நீளத்தை யாராலும் குறைக்க முடியாது. இரண்டு அளவுக்கு நடுவில் நிற்கிறவர்கள், உடம்பு நோகாமல் ஓட்ட வேண்டுமென்றால், சிறியதை எடுப்பது நல்லது. இவ்வளவும் எனக்கு மனப்பாடம்.

என் உயரம் ஸ்மாலுக்கும் மீடியத்துக்கும் நடுவில் விழுந்தது. விழுந்தது என்று சொல்வதும் முழு உண்மையில்லை. நான் ஸ்மாலின் பக்கம்தான் இருந்தேன். அளவு அட்டவணையில் மீடியத்தின் கோட்டைத் தொடுவதற்காக என்னை நானே கொஞ்சம் உயர்த்திக்கொண்டேன்.

கோயம்புத்தூரில் கடைக்காரர் இரண்டு அளவையும் எடுத்து நிறுத்தினார். முதலில் ஸ்மாலில் ஏறி உட்கார்ந்தேன். முழங்கை லேசாக மடிந்தது. பிரேக் விரல்களுக்குள் தானாக வந்து நின்றது. கழுத்தோ முதுகோ எங்கேயும் இழுக்கவில்லை. எதுவும் இழுக்காததுதான் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

இதை விளக்க, எங்கள் வீட்டில் துணி வாங்கும் முறையைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் மட்டுமல்ல, லைனில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். பிள்ளைகளுக்கு எதையும் அளவுக்கு வாங்குவதில்லை. வளரும் பிள்ளை என்று ஓர் அளவு கூட்டித்தான் வாங்குவார்கள். யூனிஃபார்ம் பாவாடையின் விளிம்பை உள்ளே மடித்துத் தைத்து, வருஷத்துக்கு ஒரு மடிப்பாக அவிழ்த்துவிடுவார்கள். ஸ்வெட்டரின் கையைச் சுருட்டிச் சுருட்டி மணிக்கட்டில் வளையம்போல வைத்திருப்போம். அந்தக் கை சரியாக வந்து நிற்கும் வருஷத்தில் முழங்கை நைந்து போயிருக்கும். ஷூவின் முனையில் துணி அடைத்திருக்கும். அம்மாவுக்கு எஸ்டேட்டில் கொடுக்கும் ரப்பர் பூட்ஸும் ஆண்களின் அளவுதான்; அவள் பழைய சேலைத் துண்டைக் காலில் சுற்றிக்கொண்டு அதற்குள் காலை விடுவாள். ஆக, உடம்போடு சரியாகப் பொருந்தும் ஒரு பொருள் எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியவே தெரியாது. புதுப் பொருள் என்றால் முதலில் தொளதொளவென்று இருக்கும், நாம்தான் அதற்குள் போய்ச் சேர வேண்டும். அதுதான் நான் அறிந்த ஒழுங்கு.

பிறகு மீடியத்தில் ஏறினேன். கைகள் முழுதாக நீண்டன. முதுகு பலகைபோலப் படுத்தது. படத்தில் பார்த்த பந்தய வீரர்கள் இப்படித்தான் இருப்பார்கள் என்று தோன்றியது. பிரேக்கை விரல் நுனியால் தொட முடிந்தது. பழகிவிடும் என்று நினைத்தேன். ஸ்மால் என்ற சொல்லும் எனக்குப் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பிரேயரின்போது எல்லா வருஷமும் முதல் வரிசையில் நிற்க வைக்கப்பட்டவள் நான். எதை எடுத்துக்கொள்கிறீர்கள் என்று கடைக்காரர் கேட்டார். "மீடியம்," என்றேன்.

வலி முதலில் கழுத்தில் தொடங்கியது. பிறகு தோள்பட்டைகளுக்கு நடுவில் ஓர் இடம், கல்லை வைத்து அழுத்துவதுபோல. பிறகு கை. திங்கட்கிழமை அலுவலகத்தில் தட்டச்சு செய்யும்போது சுண்டுவிரல் இரண்டும் மரத்திருக்கும். எட்டவில்லை என்று சீட்டை முன்னால் தள்ளினேன், முழங்கால் வலித்தது. ஹேண்டிலைப் பிடித்திருக்கும் ஸ்டெம் என்ற குட்டைக் குழாயைக் கழற்றி இன்னும் குட்டையான ஒன்றை மாட்டினேன். வளைவுகளில் முன்சக்கரம் நான் நினைப்பதற்கு முன்னாலேயே திரும்பத் தொடங்கியது. அக்கா இரண்டு தடவை, "செட் ஆகலியா?" என்று கேட்டார். இரண்டு தடவையும் அளவெடுத்துத்தான் வாங்கினேன் என்றேன். வலிக்கிறது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. வலிக்காமல் எதையும் கற்றுக்கொண்டதில்லை என்பது என் எண்ணம். பள்ளிக்கூடத்துக்கு நடந்த தூரம், புரியாத ஆங்கிலம், ஹாஸ்டல் சாப்பாடு எல்லாம் வலித்தவைதானே. இதுவும் அந்த வரிசையில் ஒன்று என்று வைத்துக்கொண்டேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் எஸ்டேட் வழியாக இறங்கலாம் என்று குழுவில் நானே சொன்னேன். கோத்தகிரி சாலையிலிருந்து பிரிந்து, தேயிலைக் காட்டுக்கு நடுவே வளைந்து வளைந்து ஃபேக்டரி வரை இறங்கும் சாலை அது. மழை விட்டு வெயில் அடித்த நாட்கள். கொழுந்து மளமளவென்று வந்துகொண்டிருந்ததால் ஞாயிற்றுக்கிழமையும் வேலை வைத்திருந்தார்கள். அம்மா மூன்றாவது வளைவுக்குப் பக்கத்தில்தான் பறிப்பாள் என்று எனக்குத் தெரியும். அவளோடு பறிக்கும் பெண்கள் எல்லாரும் பார்க்க, அந்த வளைவில் சாய்ந்து இறங்க வேண்டும். இதைத்தவிர வேறு ஆசை எனக்கு இல்லை. அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லியும் வைத்தேன். அவள் அதைக் காடு முழுக்கச் சொல்லி வைத்துவிட்டாள்.

அன்று காலையில் சாலை ஈரமாக இருந்தது. மற்றவர்கள் முன்னால் இறங்கினார்கள், அக்கா அவர்களுக்குப் பின்னால், நான் கடைசி. இறக்கத்தில் ஹேண்டிலின் வளைந்த கீழ்ப்பகுதியைப் பிடித்தால்தான் பிரேக் அழுத்தமாகப் பிடிக்கும். அப்படிக் குனிந்தால் எனக்கு பிரேக் லீவர் எட்டாது. மேலே பிடித்தால் எட்டும், ஆனால் அழுத்த வலு இருக்காது. முதல் வளைவில் விரல் நுனியால் இழுத்துக்கொண்டே இறங்கினேன். இரண்டாவது வளைவில் விரல்கள் மரத்துவிட்டன. கொழுந்து ஏற்றிக்கொண்டு ஒரு டிராக்டர் எதிரே ஏறி வந்தது. லீவரைத் தேடினேன், கிடைக்கவில்லை. சாலையோரத்து வாய்க்காலை ஒட்டிக் காலை ஊன்றி இழுத்து நிறுத்தினேன். நின்ற வேகத்தில் சீட்டிலிருந்து முன்னால் வழுக்கிக் குறுக்குக் கம்பிமேல் விழுந்தேன். சரியான அளவு சட்டமாக இருந்தால் அங்கே நிற்க இடம் இருந்திருக்கும். கண்ணில் நீர் வந்துவிட்டது. டிராக்டர் டிரைவர் வண்டியை நிறுத்தி, அடி பட்டதா என்று கேட்டார். எங்கே பட்டது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? இல்லை என்று தலையாட்டினேன்.

அதற்குமேல் ஏறி ஓட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

மூன்றாவது வளைவில் கொழுந்து பறிக்கும் பெண்கள் எல்லோரும் காத்திருந்தார்கள். முன்னால் போனவர்கள் விர்ரென்று இறங்கியதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். கடைசியாக நான் நடந்து வந்தேன். பறிப்பதை நிறுத்திவிட்டு, செடிக்கு மேலே இடுப்புவரை தெரிய வரிசையாக நின்றார்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மாதான் முதலில் வாயைத் திறந்தார்.

"ஏத்தத்துல சைக்கிளத் தள்ளுறதப் பாத்திருக்கறேன். எறக்கத்துல தள்ளுறத இன்னிக்குத்தான் பாக்கறேன்."

சிரிப்பு எழுந்தது. கெட்ட சிரிப்பு இல்லை. நானும் சிரித்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். எனக்கு முகம் எரிந்தது. அம்மா கொழுந்துப் பையோடு செடிகளுக்கு நடுவிலிருந்து வெளியே வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். உடனே அவர்கள் பக்கம் திரும்பி, "சக்கரம் பஞ்சர் ஆயிருச்சாமா. பின்ன தள்ளாம என்ன பண்ணுவா?" என்றாள்.

நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பெரியம்மா சாலைக்கு இறங்கி வந்து, முன்சக்கரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பின்சக்கரத்தையும் அழுத்திப் பார்த்தார்.

"கல்லாட்டம் இருக்குதே," என்றார்.

அம்மா பையைத் தோளில் சரிசெய்துகொண்டு தன் வரிசைக்குத் திரும்பிப் போனாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. எடை போடுமிடத்தில் ஒரு கைப்பிடி கொழுந்து கூடுதலாகக் காட்டினால்கூட இது என்னுடையது இல்லை என்று எடுத்து வைக்கிறவள் அவள். கூட வேலை செய்கிறவர்கள் முன்னால் எனக்காக ஒரு பொய் சொன்னாள். அது அவள் முகத்துக்கு நேராகவே உடைந்தது. உடையும்போது நான் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன்.

ஃபேக்டரி அருகே சமதரையில் அக்கா காத்திருந்தார். நான் நடந்து வருவதைப் பார்த்ததும் எதிரே வந்து, என் சைக்கிளை வாங்கிக்கொண்டு தன்னுடையதை என் பக்கம் சாய்த்தார். அவரும் ஏறக்குறைய என் உயரம்தான். "இதுல ஒரு நட போயிட்டு வா," என்றார். ஃபேக்டரி கேட் வரை போய்த் திரும்பினேன். எட்ட வேண்டியது எதுவும் தூரத்தில் இல்லை. விரலை மடக்கினால் சைக்கிள் நின்றது. இவ்வளவு சாதாரணமான ஒன்றுக்காகவா அத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன் என்று இருந்தது.

அதற்குள் அக்கா என் சைக்கிளில் ஏறிச் சில அடி தூரம் ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கியிருந்தார். முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"இத வெச்சுக்கிட்டு இத்தன நாளு எப்படி அம்மிணி ஓட்டுன?"

அதைக் கேட்டதும் ஒரு கணம் எனக்குப் பெருமையாக இருந்தது. எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் இருந்தது. மற்றவர்களால் முடியாததை நான் செய்திருக்கிறேன் என்பதுபோல. அந்தப் பெருமை எழுந்த வேகத்தைப் பார்த்துத்தான் நான் பயந்தேன்.

"எனக்கு இது பெருசுங்க்கா," என்றேன். அவர் தலையை மட்டும் அசைத்தார்.

திங்கட்கிழமை நான் வேலை முடிந்து வந்தபோது, லைனின் பொதுக்குழாயடியில் பெண்கள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா குடத்தோடு வரிசையில் நின்றாள். அன்றைக்கு அவள் பறித்த கொழுந்தின் எடை கொஞ்சம் குறைந்துபோயிருக்கிறது போலும்.

"ஏம்புள்ள, இன்னிக்கு உன்ற கொழுந்துப் பையும் பஞ்சராமா?" என்று பெரியம்மா கேட்டுக்கொண்டிருந்தார்.

அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே குடத்தின் வாயைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள். காலையிலிருந்து இதை எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டிருப்பாள் என்று எனக்குப் புரிந்தது. நான் நேராக வீட்டுக்குள் போய்விடலாம். அவளும் அதைத்தான் விரும்பினாள். கண்ணாலேயே உள்ளே போ என்றாள். நான் படித்தவள் என்பதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நடந்தவர்கள் இவர்கள் எல்லோரும்தான். ரிசல்ட் வந்த அன்று இதே குழாயடியில்தான் மிட்டாய் கொடுத்தோம். இங்கே வாயைத் திறந்து நான் தப்பு செய்துவிட்டேன் என்று சொல்வதைவிட, அந்த இறக்கத்தில் இன்னொரு தடவை விழுவது எனக்குச் சுலபமாகப் பட்டது.

"பெரிம்மா, நேத்து சைக்கிள் பஞ்சர் இல்லீங்க," என்றேன். "சைக்கிள் எனக்குப் பெருசு. பிரேக்கு எட்டல. சின்னதுதான் எனக்குச் சரின்னு தெரிஞ்சும் பெருச வாங்கிட்டேன். எறக்கத்துல பயந்து எறங்கிட்டேன். அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது."

பெரியம்மா என் பக்கம் திரும்பினார்.

"அத நேத்தே சொல்லியிருந்தீன்னா, உங்கம்மாளுக்கு இந்தப் பேரு எதுக்கு?"

நிறைந்த குடத்தைப் பெரியம்மா நகர்த்தி, "நீ புடி," என்று அம்மாவின் குடத்தைத் தன் முறைக்கு முன்னால் இழுத்து வைத்தார். அவ்வளவுதான். மன்னிப்பு என்று அதைச் சொல்லலாமா, தெரியவில்லை. மறுநாளும் அம்மாவிடம் பஞ்சரா என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். ஆனால் அதற்கு அம்மா, "பஞ்சர் இல்ல, பெருசு," என்று பதில் சொன்னாளாம். அதை அவளே வந்து என்னிடம் சொன்னாள்.

அந்த வாரக் கடைசியில் வீட்டுச் சுவரோரம் செருப்பில்லாமல் நின்றேன். காலின் உள்பக்க நீளத்தை அளக்க, கெட்டி அட்டை போட்ட புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே சீட்டுபோல மேலே அழுத்திப் பிடித்து, அதன் விளிம்பு சுவரைத் தொடும் இடத்தில் கோடு போட வேண்டும். இதைத் தனியாகச் செய்ய முடியாது. அம்மா பென்சிலோடு குனிந்தாள். கையில் பென்சில் பிடித்து அவளுக்குப் பழக்கமில்லை; கோடு கோணலாக வந்தது. மறுபடி போடச் சொன்னேன். அப்பா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, நாங்கள் இருந்த கோலத்தைப் பார்த்துச் சத்தமில்லாமல் வெளியே போய்விட்டார். அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனால் அவள் சிரித்தது நன்றாக இருந்தது. அம்மா டேப்பின் ஒரு முனையைத் தரையில் அழுத்திக்கொள்ள, நான் எண்ணைப் படித்துச் சொன்னேன்.

"ஒரு வெரக்கடை கூட்டியே சொல்லிரு கண்ணு," என்றாள் அம்மா.

"வேண்டாம்மா. இருக்கறதச் சொல்றேன்."

அவள் சுவரில் இருந்த கோட்டை இன்னொரு தடவை பார்த்துவிட்டுச் சரி என்றாள்.

மீடியம் சைக்கிளை லவ்டேலில் இருந்து ஓர் ஆசிரியர் என் அலுவலக வாசலுக்கே வந்து எடுத்துப்போனார். அக்காதான் ஏற்பாடு செய்தார். என்னைவிட நல்ல உயரம் அந்தப் பெண்மணி. ஏறி உட்கார்ந்ததும் சைக்கிள் சட்டென்று சிறியதாகத் தெரிந்தது. ஏன் விற்கிறாய் என்று கேட்டார். இப்போது அந்தப் பதில் எனக்குக் கொஞ்சம் பழகியிருந்தது, ஆனாலும் சொல்லும்போது பார்வையைத் தரையில் வைத்துக்கொண்டேன்.

அவர் போனதும் கோயம்புத்தூர்க் கடைக்குப் போன் செய்தேன். உயரத்தைச் சொன்னேன், கால் நீளத்தைச் சொன்னேன், கையின் நீளத்தையும் சொன்னேன். மறுமுனையில் இருந்தவர், அப்படியென்றால் ஸ்மால்தான் வரும், பரவாயில்லையா என்று கேட்டார். ஸ்மால்தான் வேண்டும் என்றேன். என்ன நிறம் என்று கேட்டார். எது இருக்கிறதோ அதை எடுத்து வையுங்கள், சனிக்கிழமை முதல் பஸ்ஸுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, லீவ் எழுதிக் கொடுக்க அலுவலகத்துக்குள் போனேன்.